ஒரே மேசை, 49 ஞாயிறுகள்

ஜனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மேற்குப் பார்த்த சன்னலை ஒட்டிப் போட்டிருந்த மேசையில் ஐந்து பொருள்களை வைத்தேன். ஒரு கண்ணாடிக் குப்பி, மூடி துருவேறிய ஒரு தகர டப்பா, கைக்குள் அடங்கும் ஒரு கல், ஒரு பழைய இரும்புச் சாவி, மடித்த வெள்ளைத் துணி. டிரைபாடில் கேமராவைப் பொருத்தி ஒரு படம் எடுத்தேன். அடுத்த ஞாயிறும் அதே நேரம், அதே மேசை, அதே ஐந்து பொருள்கள். டிசம்பர் கடைசி ஞாயிறுவரை அப்படியே தொடர்ந்தேன். நடுவில் மூன்று ஞாயிறுகள் தவறிப்போயின. இரண்டு பயணத்தால், ஒன்று காய்ச்சலால். மிஞ்சியவை 49 படங்கள். சென்ற வாரம் அவை அனைத்தையும் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுத் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒரு மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் மனத்தில் தங்கியதைக் கொஞ்சம் அழுத்தமாகவே இங்கே எழுதுகிறேன்.

படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்குப் பலரும் சொல்லும் அறிவுரை, நாளுக்கு ஒன்று என 365 நாள்களில் 365 படங்கள் எடுக்கச் சொல்வது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நானே ஓர் ஆண்டு அதை முயன்றிருக்கிறேன். இரண்டாம் மாதத்திலேயே "இன்று எதை எடுப்பது" என்ற தேடல் பார்வையைத் தின்னத் தொடங்கிவிட்டது. கிடைத்ததை எடுத்துவிட்டு அடுத்ததற்கு ஓடினேன். ஆண்டு முடிவில் கையில் இருந்தவை, தலா ஒரு நிமிடம் மட்டும் பார்த்துவிட்டு மறந்த பொருள்களின் படங்கள். ஒழுங்கு வந்தது, உண்மை. ஆனால் கண் வளரவில்லை. பொருளை மாற்றிக்கொண்டே இருந்தால் பொருளின் புதுமையே நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. ஒளியைப் பார்க்க வேண்டிய கட்டாயம் வருவதில்லை.

அதனால் இம்முறை விதிகளை இறுக்கினேன். ஐந்து பொருள்களை இடம் மாற்றலாம், சிலவற்றை எடுத்துவிடலாம், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றுதான். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அப்பெர்ச்சர் (லென்ஸின் துளை அளவு) எஃப் 11. டிரைபாடின் மூன்று கால்களும் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவைத்தேன். கேமரா சன்னலை நோக்கியபடி, ஆனால் சன்னல் படத்துக்குள் வராதவாறு சற்று உயரத்திலிருந்து கீழே சாய்ந்து மேசையைப் பார்க்கும். ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) பெரும்பாலும் கால் நொடிக்கும் இரண்டு நொடிக்கும் இடையில் இருக்கும். ஆகவே பொத்தானைக் கையால் அழுத்தாமல் டைமரை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

மேற்குச் சன்னலையும் காலை நேரத்தையும் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த வேளையில் அங்கே நேரடி வெயில் விழாது. ஆண்டு முழுவதும் ஒளி ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பினேன். இந்த நம்பிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதங்கள் கைத்தொழிலைக் கற்பதிலேயே போயின. கண்ணாடியைப் படம் எடுப்பது என்பது அதன் விளிம்பைப் படம் எடுப்பதுதான் என்பதைக் குப்பி கற்றுக்கொடுத்தது. வெளிச்சமான மேசைமேல் அது கரைந்துபோய்விடும். இருபுறமும் படத்துக்கு வெளியே கறுப்பு அட்டைகளை நிறுத்தியதும், பென்சிலால் வரைந்ததுபோல அதன் ஓரங்களில் கருங்கோடுகள் எழுந்தன. தகர டப்பாவின் சிக்கல் வேறு. அது தன்னைக் காட்டுவதில்லை, சுற்றியுள்ளவற்றைக் காட்டும். நான் வெளிர்நிறச் சட்டையோடு நின்றால் அதன் வயிற்றில் ஒரு வெளிர் பட்டை தோன்றும். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு பக்கவாட்டில் ஒதுங்கி நிற்கப் பழகினேன். துணி எல்லாவற்றையும்விடக் கடினம். ஒரு மடிப்பை விரலால் நீவிவிட்டால் படம் முழுவதும் குலைந்துவிடும்.

ஏப்ரலில் சலிப்பு வந்தது. அதுவும் சாதாரணச் சலிப்பில்லை. ஐந்து பொருள்களையும் பார்க்கவே பிடிக்கவில்லை. நான்கு வாரங்கள் எடுத்தவை உயிரற்ற படங்கள். இந்தக் கட்டத்தில்தான் பலர் இப்படிப்பட்ட முயற்சிகளைக் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கைவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். வேறு வழி தெரியாமல் ஐந்தாம் வாரம் மூன்று பொருள்களை எடுத்துவிட்டுக் கல்லை மட்டும் துணிமேல் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: கல்லுக்கு இரண்டு நிழல்கள். ஒன்று அதன் அடியிலேயே தேங்கி நின்றது. மற்றொன்று வெளிறி, நீண்டு, இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. ஜனவரிப் படங்களை எடுத்துப் பார்த்தேன். அங்கே அந்த வெளிறிய நிழல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

வெயிலே வராத சன்னலில் நிழல் எப்படி இடம் மாறும்? சில வாரங்கள் விடை தெரியவில்லை. ஜூன் மாதத்து ஒரு காலையில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன். தெருவின் மறுபக்கத்தில் ஓர் உயரமான சுவர். அதன்மேல் எங்கள் வீட்டு நிழல் சாய்வாக விழுந்து, வலப்பக்கம் மட்டும் வெயிலில் பளீரென்று இருந்தது. என் மேசைக்கு ஒளி வந்துகொண்டிருந்தது அந்த வெளிச்சத் துண்டிலிருந்து. வானம் கொஞ்சம், சுவர் கொஞ்சம். இரண்டு ஒளி, இரண்டு நிழல்.

மற்றதைக் கணக்கே சொல்லிவிடும். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச்சிலும் செப்டம்பரிலும் மட்டும்தான். ஜூனில் உதிக்கும் இடம் வடக்கே போகிறது, டிசம்பரில் தெற்கே. அதற்கேற்ப எங்கள் வீட்டு நிழல் எதிர்ச்சுவரில் மெல்ல மெல்ல நகர்கிறது, வெளிச்சத் துண்டும் இடம் மாறுகிறது, என் மேசையிலுள்ள கல்லின் நிழல் எதிர்த்திசையில் திரும்புகிறது. வாரத்துக்கு வாரம் வேறுபாடே தெரியாது. ஓர் ஆண்டு தேவைப்படுகிறது.

நான் சொல்ல வந்ததே இதுதான். சில விஷயங்கள் தெரிவதற்குத் திறமையும் விலையுயர்ந்த லென்ஸும் போதாது, காலம் போதுமான அளவு கடந்திருக்க வேண்டும். ஒரு வாரயிறுதியில் இருநூறு படங்கள் எடுத்திருந்தாலும் அந்த நிழல் நகர்வதை நான் கண்டிருக்க மாட்டேன்.

அசையாப் பொருளுக்கும் காலத்துக்கும் உள்ள உறவு ஒளிப்படத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. ஒளிப்பட முன்னோடிகளில் ஒருவரான டாகேர் 1837-இல் தன் பணியறையின் மூலையில் சுதைச் சிற்பங்களை அடுக்கி எடுத்த படம்தான் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய டாகேரோடைப்புகளில் (அவர் கண்ட முறையில் உலோகத் தகட்டில் எடுத்த படங்களில்) ஒன்று. அன்றைய தகடுகளுக்கு நெடுநேரம் ஒளி வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் பொறுமையாக இருக்கக்கூடியவை பொருள்கள்தான். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் எடுத்த புகழ்பெற்ற குடைமிளகாய்ப் படத்தை நான் பல ஆண்டுகளாக வடிவத்துக்காக மட்டுமே வியந்துவந்தேன். அவர் அந்தக் காயை ஒரு தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் உட்சுவர் ஒளியைத் திருப்பி அனுப்ப, நிழல் பகுதிகளும் மெல்ல ஒளிர்கின்றன. எதிர்ச்சுவரைக் கண்ட பிறகுதான் அந்தப் புனலின் அருமை எனக்கு விளங்கியது. அவர் தனக்கு வேண்டிய சுவரைத் தானே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் எதிர்வீட்டுக்காரர்கள் அந்தச் சுவருக்கு வண்ணம் பூசினார்கள். மங்கிய வெள்ளையாக இருந்தது ஒரே வாரத்தில் அடர்ந்த செங்கல் நிறமாகிவிட்டது.

அந்த ஞாயிறு வெள்ளைத் துணியைப் பார்த்து எனக்கு அழுகையே வந்தது. மடிப்புகளின் மேற்பரப்பு வானத்தின் நீலத்தில், கீழ்ப்பரப்பு சுவரின் செம்மையில். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறச்சாயலைத் திருத்தும் கேமராவின் ஒயிட் பேலன்ஸைக் கொண்டு சரிசெய்யலாம் என்று ஒரு மணி நேரம் போராடினேன். முடியாது. ஒயிட் பேலன்ஸ் படம் முழுவதற்கும் ஒரே திருத்தத்தைத்தான் செய்யும். ஒளியின் நிறத்தை நிற வெப்பநிலையாகக் கெல்வினில் அளப்பார்கள்; எண் கூடினால் நீலம் கூடும். நண்பகல் வெயிலின் நிற வெப்பநிலை சுமார் 5,500 கெல்வின். நீல வானத்தின் ஒளி 7,000-க்கும் மேலே. அதோடு செஞ்சுவரில் பட்டுத் தெறித்த ஒளியும் சேர்ந்தால் ஒன்றைச் சமன் செய்யும்போது மற்றொன்று இன்னும் விலகிப்போகும். செம்மையைக் குறைத்தால் நீலம் குத்துகிறது. எட்டு மாத உழைப்பு வீணாயிற்று என்று நினைத்தேன். மேசையை வேறு சன்னலுக்கு மாற்றிவிடலாமா, கறுப்பு வெள்ளையாக்கி மறைத்துவிடலாமா என்றெல்லாம் யோசித்தேன்.

இரண்டையும் செய்யவில்லை. முன்பு அந்தச் சுவர் வெள்ளையாக இருந்ததால் அது இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது எந்த மடிப்புக்கு எங்கிருந்து ஒளி வருகிறது என்பது நிறத்தால் எழுதிக் காட்டியதுபோல் இருந்தது. குப்பியின் ஒரு ஓரம் நீலம், மறு ஓரம் செம்மை. டப்பாவின் துரு அந்த ஒளியில் அனல்போல் தெரிந்தது. செப்டம்பர் முதல் நவம்பர்வரை எடுத்தவைதான் இந்த 49-இல் சிறந்தவை. இதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

ஜோசப் சுதெக்கை அந்த மாதங்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த செக் நாட்டு ஒளிப்படக் கலைஞர். பிராகா நகரில், போர்க்காலத்தில் 1940-இல் தொடங்கி 1954-வரை தன் பணியறைச் சன்னலைத் திரும்பத் திரும்பப் படம் எடுத்தார். கண்ணாடியில் ஆவி படர்ந்த சன்னல், பனி ஒட்டிய சன்னல், அதன் விளிம்பில் ஒரு தண்ணீர்க் கோப்பை. பதினான்கு ஆண்டுகள். நான் ஒன்றிலேயே தடுமாறியவன் என்பதால் அந்த எண்ணை இப்போது வேறு மாதிரிப் படிக்கிறேன்.

இப்படி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து இரண்டே சொல்வேன். தவறிய வாரத்தை மறுவாரம் இரண்டு படம் எடுத்து ஈடுகட்டாதீர்கள். இடைவெளி இடைவெளியாகவே இருக்கட்டும். ஆண்டு முடியும்வரை ஒரு படத்தையும் வெளியிடாதீர்கள். மார்ச்சில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் பாராட்டு, ஏப்ரலில் அதே படத்தை மறுபடி எடுக்க வைத்துவிடும். கல்லைத் தனியாக வைக்கும் துணிச்சல் யாருமே பார்க்காததால்தான் எனக்கு வந்தது.

அச்சுகளை இன்னும் தரையிலிருந்து எடுக்கவில்லை. நேற்று வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் கால் இடறிப் பத்துப் பன்னிரண்டைக் கலைத்துவிட்டார். பின்பக்கத் தேதியைத் திருப்பிப் பார்க்காமல், நிழல் சாயும் பக்கத்தையும் துணியின் நிறத்தையும் வைத்தே அவற்றை மறுபடி வரிசைப்படுத்தினேன். ஒன்று மட்டும் தவறியது. செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் இடம் மாறியிருந்தன.

புதிய ஆண்டுக்குக் கல்லையும் துணியையும் மட்டும் வைத்துக்கொள்கிறேன். மேசை அதே சன்னலில்தான் இருக்கிறது. எதிர்ச்சுவரின் செங்கல் நிறம் அதற்குள்ளாகவே சற்று வெளுக்கத் தொடங்கியிருக்கிறது.