உப்பு மீட்டரும் ஒரு சிட்டிகை உப்பும்

நங்கநல்லூரில் எட்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்ற மாதம் நீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் இளைஞர் ஒருவர் வந்திருந்தார். கூடத்து மேசையில் இரண்டு கண்ணாடிக் குவளைகளை வைத்து, ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீரையும் மற்றொன்றில் தாம் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீரையும் (மெல்லிய சவ்வின் வழியே அழுத்தி உப்பை நீக்கியது) ஊற்றி, ஒரு சிறு கருவியின் கம்பிகளை இரண்டிலும் அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினார். இரண்டே நிமிடங்களில் எங்கள் குவளை செங்காவி நிறமாகக் கலங்கி, மேலே நுரை கட்டி, அடியில் திப்பி திப்பியாகப் படிந்துவிட்டது. அவருடைய குவளையோ அப்படியே இருந்தது. "இதைத்தான் சார் நீங்க தினமும் குடிக்கிறீங்க" என்றார். என் மனைவி சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து, "தம்பி, உங்க சுத்தமான தண்ணில இதப் போட்டு இன்னொரு தடவை வைங்க" என்றார். அந்தக் குவளையும் அதே செங்காவி நிறத்துக்கு வந்தது. தம்பி ஒன்றும் சொல்லாமல் கருவியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நடந்தது மாயமன்று. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும்போது இரும்புக் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து துருவாகி நீரில் கலக்கும். உப்பை நீக்கிய நீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாது என்பதால் அதில் கம்பி கரைவதில்லை. நாம் அருவருப்போடு பார்த்த குழம்பு முழுவதும் அவருடைய கம்பியிலிருந்து வந்தது.

இதைச் சொல்வதால் வீட்டில் வடிகட்டி வேண்டாம் என்று நான் வாதிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். சென்னையில் ஒவ்வொரு சமையலறையிலும் ஏதேனும் ஒரு கடைசிக் காவல் இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் அந்த இளைஞர் பயமுறுத்திய இடத்தில் ஆபத்து இல்லை. ஆபத்து இருக்கும் இடத்தை அவருடைய குவளை காட்டவும் காட்டாது.

புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் ஏரி நீரில் படிகாரம் சேர்த்துக் கலங்கலைப் படியவைத்து, மணற்படுகையில் வடித்து, குளோரின் கலந்துதான் அனுப்புகிறார்கள். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரையே உப்பு நீக்கித் தருகிறார்கள். நிலையத்தை விட்டுக் கிளம்பும் நீரைப் பற்றி எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. வழியில்தான் வம்பு. நம் ஊரில் குழாயில் நாள் முழுவதும் நீர் ஓடுவதில்லை. நீர் நின்றுபோன நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது; அகலமில்லாத தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன; இணைப்பு எங்கேனும் விட்டிருந்தால் வெளியே ஊறிக் கிடக்கும் கழிவு உள்ளே இழுக்கப்படுகிறது. தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வீடுகள் இந்த இழுவையை இன்னும் கூட்டுகின்றன. (அப்படி உறிஞ்சுகிறவர்களே மறுநாள் "தண்ணி நாத்தம் அடிக்குது" என்று முதலில் கூச்சல் போடுவதையும் பார்த்திருக்கிறேன்.)

எங்கள் வீட்டுக்கு வந்த துன்பம் தெருவைத் தாண்டி, வாசலுக்குள்ளேயே பிறந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் என் மகனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அடுத்த வாரமே மாடி வீட்டுக் குழந்தைக்கும் வந்தது. அது ஹெபடைடிஸ் ஏ வைரஸின் வேலை என்று மருத்துவர் சொன்னார். அந்தக் கிருமி உடலுக்குள் போனபின் நோயாக வெளிப்பட இரண்டு முதல் ஏழு வாரங்கள் வரை ஆகலாம் என்பதால், காய்ச்சல் வந்த நாளில் குழாயைத் திறந்து பார்த்துப் பயனில்லை. குடித்த நீர் ஐப்பசி மழையோடு போயே போய்விட்டது. ஆயினும் தெருக்குழாய் நீரைச் சேர்த்துவைக்கும் நிலத்தடித் தொட்டியான சம்பின் மூடியைத் திறந்து நீரை இறைத்துப் பார்த்தோம். கிழக்குச் சுவரில் பூச்சு உதிர்ந்து, உள்ளங்கை அளவுக்கு ஒரு கருத்த ஈரத் திட்டு தெரிந்தது. அந்தச் சுவருக்கு மறுபுறம் இரண்டடி தள்ளித்தான் எங்கள் கட்டடத்தின் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. அதே சம்பு நீரில் அதற்கு முந்தைய வாரம் நான் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்து, 310 என்று காட்டியதும் "நம்ம தண்ணி நல்ல தண்ணி" என்று எல்லோரிடமும் பெருமை பேசியிருந்தேன்.

அந்த மீட்டர் நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதிலிருந்து கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைக் கணித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வைத்திருக்கிறது. அதே தரம், நீரில் மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா விஷயத்தில் எந்தச் சலுகையும் காட்டவில்லை. 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மீட்டருக்கு ஈ.கோலை தெரியாது, வைரஸ் தெரியாது, காரீயமும் நைட்ரேட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவும் தெரியாது.

ஆழ்குழாய் நீரைக் குடிப்பவர்களின் நிலை வேறு. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறும். மீஞ்சூர்ப் பக்கம் பல ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஏறிவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகள் நிலத்தடி நீரில் குரோமியத்தை விட்டுச் சென்றிருக்கின்றன. கழிவுநீர்த் தொட்டிகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் நைட்ரேட் சேரும். அதன் எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதைத் தாண்டிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். இங்கே "காய்ச்சிக் குடித்தால் போதும்" என்ற பாட்டி வைத்தியம் செல்லாது. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். இத்தகைய வீடுகளுக்கு ஆர்ஓ தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. துவரம்பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும் கடின நீரைப் பற்றி மட்டும் அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. அது பெரும்பாலும் குக்கருக்கும் கெய்சருக்கும் வரும் தொல்லை.

ஆனால் மெட்ரோ தண்ணீர் (சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய் நீர்) மட்டுமே வரும் வீட்டில், உப்பு 300 அளவில் இருக்கும்போது, ஆர்ஓ எதற்கு? சாதாரண வீட்டு ஆர்ஓ கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. நாளைக்குப் பத்து லிட்டர் குடிக்கும் குடும்பம் முப்பது லிட்டரைக் கழிவுக் குழாயில் விடுகிறது. 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருத்தெருவாக லாரிக்குக் குடத்தோடு காத்து நின்றோம். அதே ஆண்டில்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடைசெய்ய நடவடிக்கை எடுக்குமாறு நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. லாரி நீரை வாங்கி ஆர்ஓவில் ஊற்றி, அதில் முக்கால் பங்கைச் சாக்கடைக்கு அனுப்பிய வீடுகளில் எங்கள் வீடும் அன்று ஒன்று.

கிருமிதான் கவலை என்றால், கலங்கலைப் பிடிக்கும் ஒரு வடிகட்டியும் அதன் பின்னால் ஒரு புற ஊதா விளக்கும் போதும். விளக்கு கலங்கிய நீரில் சரியாக வேலை செய்யாது என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. மின்சாரம் போன நாளில், தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆறவைத்துக் குடிப்பதை விஞ்சிய வழி இல்லை. பலரும் கவனிக்காத ஒன்று கரித்தூள் வடிகட்டி: வாடையோடு குளோரினையும் அது பிடித்துக்கொள்ளும். அதன்பின் கருவியின் தொட்டியில் தேங்கும் நீருக்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பியவர்கள், அதில் நின்ற நீரை அப்படியே பிடித்துக் குடிப்பதைக் கண்டால் எனக்குப் பதறுகிறது. உள்ளே இருக்கும் வடிகட்டிகளை உரிய காலத்தில் மாற்றாத கருவி, கருவி இல்லாததைவிட மோசம். ஏனெனில் அது இருக்கிறது என்ற தைரியத்தில் நாம் காய்ச்சுவதையும் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வடிகட்டி மாட்டிய வீட்டுக்காரர் குழாயில் சாக்கடை வாடை அடித்தாலும் புகார் கொடுக்கச் சோம்பல்படுகிறார். அதே குழாயின் நீரை அடுத்த தெருவில் அடிபம்பில் பிடித்து, துணியில் வடித்துக் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்கு என் சமையலறைக் கருவியால் ஒரு சொட்டுப் பயனும் இல்லை. நான் கொடுக்கும் புகாரால் இருக்கலாம்.

சம்பின் சுவரை உடைத்துப் புதிதாகப் பூசினோம். ஆண்டுக்கு இரண்டு முறை கழுவுகிறோம். எங்கள் வீட்டு ஆர்ஓ பழுதானபோது வேறொன்று வாங்காமல் புற ஊதா கருவிக்கு மாறினோம். கிண்டி கிங் நிலையத்தில் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுக்க, கிருமி நீக்கிய புட்டி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். பருவமழையின் முதல் பெருமழை பெய்து மூன்றாம் நாள் காலை, சமையலறைக் குழாயைச் சற்று ஓடவிட்டுப் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம். மாடி வீட்டு அம்மா தம் குழாயிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்னொரு புட்டி வாங்க வேண்டும்.