மார்கழி விடியலும் என் எஞ்சின் சைக்கிளும்

மார்கழி பிறந்தாலே எரிச்சல்தான். இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் விடியப் பனி மூடிக் கிடக்கும், சைக்கிளில் பூட்டிய எஞ்சின் மட்டும் அசையாது. சோக்கைப் போட்டு, மூச்சு வாங்க மிதித்து, கிளட்சை விட்டால் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிவிடும். சில நாள் ஓடாமல் நின்றால் பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள் பெற்றோல் ஆவியாகி, அதில் கலந்த ஒயில் பிசினாக, பெற்றோல் வரும் ஜெட் துளையை அடைத்துவிடுகிறது. ஊசிமுனை அளவு ஓட்டை! கழற்றி ஊதினால் வாயெல்லாம் பெற்றோல் நாற்றம்.

போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே வன்னியில் சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். இப்போது டாங்க் நிறையப் பெற்றோல். ஆனாலும் கிளம்ப மாட்டேன் என்கிறது. மகளுக்கு ஆறு மணிக்கு ரியூசன். பையை அணைத்தபடி படலையடியில் நிற்கிறாள், நான் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.