எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்?

"இப்போ என்ன படிச்சிட்டு இருக்கீங்க?" என்று இணையத்தில் யாராவது கேட்டுவிட்டால் போதும், அரைமணி நேரத்தில் ஐம்பது பதில் விழுந்துவிடும். ஒன்று விடாமல் படிப்பவன் நான். அதில் முக்கால்வாசிப் பேர் இப்போது படிக்கிற புத்தகத்தைச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் சந்தேகம். எப்போதோ படித்து முடித்தது, பெயர் சொன்னால் நாலு பேர் மதிப்பாகப் பார்ப்பது, அதுதான் பதிலாக வருகிறது. தலையணைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடப்பது துப்பறியும் கதை, பதிலில் நிற்பது ஆயிரம் பக்க ரஷ்ய நாவல். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அப்படிப் பதில் போட்டவன்தான்.

எனக்கு வேண்டியது வேறு பதில். புத்தகத்தின் பெயரோடு எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் ஆள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். தூக்கம் வருகிறதா, பேருந்தில் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டீர்களா, யார் யார் என்று குழப்பமா? முடித்த பிறகு எழுதுகிற நீண்ட பாராட்டைவிட, நடுவழியில் எழுதுகிற இரண்டு வரி எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

இந்தப் பித்து பிடித்த கதை இது. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் அறுநூறு பக்க நாவல் ஒன்றைக் கையில் திணித்தார். "எடுத்தா கீழ வைக்க மாட்டீங்க, என்னை நம்புங்க." எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தேன். எண்பதாவது பக்கத்தில் அந்தக் குடும்பத்தின் நான்கு தலைமுறைப் பெயர்களும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, யார் யாருக்குச் சித்தப்பா என்பதே புரியாமல் போயிற்று. ஊரே கொண்டாடுகிற புத்தகம் நமக்கு மட்டும் ஏறவில்லையே என்று கூச்சம் வேறு. அவரைப் பார்க்கும்போதெல்லாம் "போயிட்டிருக்கு, போயிட்டிருக்கு" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன்.

பல மாதம் கழித்து ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "அட ஆமாங்க, முதல் நூத்தம்பது பக்கம் எனக்கும் ஓடல. ரெண்டு தடவை மூடி வச்சிட்டேன். மூணாவது தடவை அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தப்ப, ராத்திரி பூரா முழிச்சிருக்கணும், கையில வேற புத்தகமும் இல்ல…"

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே! அவர் மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. மறந்துதான் போயிருக்கிறார். கடைசி நூறு பக்கம் அவரைப் போட்டு உலுக்கியதில், ஆரம்பத்துச் சலிப்பு சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு வந்து சேர்ந்தது அந்த நூறு பக்கத்துக்கான பாராட்டு மட்டும். ஆஸ்பத்திரி ராத்திரியும் வரவில்லை, நூற்றைம்பது பக்க மேடும் வரவில்லை.

மனசு இப்படிக் கணக்கு மாற்றி எழுதுவதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் கூட்டாளிகளும் 1993ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதற்கு மேல் இன்னும் 30 விநாடி. அந்தக் கூடுதல் நேரத்தில் மட்டும் நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றினார்கள். 'இரண்டில் ஒன்றை மறுபடி செய்யவேண்டும், எது?' என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதைத்தான் கேட்டார்களாம். கடைசி கொஞ்சம் இதமாக இருந்துவிட்டது, அவ்வளவுதான். நாவல் வாசிப்புக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. ஆனாலும் "கீழே வைக்கவே முடியவில்லை" என்று யாராவது எழுதினால் எனக்கு அந்தக் குளிர்ந்த தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது.

நடுவழிக் குறிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு புத்தகத்தைப் பற்றித் தோழி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "எழுபது பக்கம் ஆச்சு. இன்னும் ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிய வரல. ஆனா அந்த வீட்டை எனக்குப் பிடிச்சுப்போச்சு." அவ்வளவுதான். நான் அன்றைக்கே அந்தப் புத்தகத்தைத் தேடிப் பிடித்தேன். அதே வரியைப் படித்த இன்னொருவர் 'ஐயோ, ஆளை விடுங்க' என்று ஓடியிருப்பார். இரண்டு பேருக்கும் ஒரே வரி உதவிவிட்டது. "அற்புதமான படைப்பு, அவசியம் வாசியுங்கள்" என்ற வரி இரண்டு பேருக்குமே உதவியிருக்காது.

நான்சி பெர்ல் என்ற அமெரிக்க நூலகர் இதற்கு ஒரு நல்ல விளக்கம் வைத்திருக்கிறார். புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள்: கதை, பாத்திரம், களம், மொழி. ஒவ்வொரு புத்தகத்திலும் ஏதோ ஒரு வாசல் அகலமாக இருக்கும், மற்றவை குறுகலாக இருக்கும். வாசகர்களுக்கும் பழகிய வாசல் ஒன்று உண்டு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, புத்தகங்களைப் பற்றி நடக்கும் பாதிச் சண்டை எனக்குச் சண்டையாகவே தெரிவதில்லை. 'ஒன்றுமே நடக்கவில்லை' என்பவர் கதை வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். 'என்ன மொழி!' என்பவர் பின்பக்கமாக நுழைந்து எப்போதோ உள்ளே உட்கார்ந்துவிட்டார். நான் களத்தின் வழியே போகிற ஆள். மழை பெய்கிற ஒரு பழைய வீட்டைக் காட்டினால் போதும், கொலை யார் செய்தது என்று கேட்கக்கூட மாட்டேன். என் நண்பர் கதை வாசல்காரர். எங்களுக்குள் பரிந்துரை பலிக்காமல் போனதில் என்ன அதிசயம்?

நூலகவியலுக்கு எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல் எழுதிவைத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். பரிந்துரை செய்கிற நாம் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதையும் 'எல்லா வாசகருக்கும் எனக்குப் பிடித்த புத்தகம்' என்று திருத்திவிட்டோம். நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்த மனிதர், நேரத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டார்.

நட்சத்திர மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மூன்று நட்சத்திரம் என்றால் சுமாரா, பாதி அருமை பாதி குப்பையா, போட்டவருக்கு அன்றைக்குத் தலைவலியா? 2023ல் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் தன் அடுத்த நாவலை அறிவித்ததும், உக்ரைன் போர் நடக்கிற நேரத்தில் கதை ரஷ்யாவில் நடக்கிறதே என்ற கோபத்தில், வாசகர்கள் புத்தகங்களுக்கு மதிப்பெண் போடுகிற குட்ரீட்ஸ் தளத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். புத்தகம் வெளிவரவே பல மாதம் இருந்தது. கடைசியில் அவர் வெளியீட்டையே தள்ளிவைத்தார். பக்க எண் கேட்டிருந்தால் அத்தனை பேரும் சுழியம் என்றுதான் எழுதியிருக்கவேண்டும்.

பாதியில் விட்ட புத்தகங்களைப் பற்றி எழுதத்தான் நமக்கு வாய் வருவதில்லை. மேலே சொன்ன நான்சி பெர்ல் இதற்கும் கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரை, ஒரு புத்தகத்துக்கு ஐம்பது பக்கம் கொடுத்துப் பாருங்கள், பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கத்திலேயே மூடிவிடலாம், நூறு வயதுக்காரர் அட்டையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம். (நூறு வயதில் அட்டை தெரிந்தாலே பெரிது.) "இத்தனையாவது பக்கத்தில் விட்டேன், இதனால் விட்டேன்" என்று எழுதுகிறவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். வெறும் 'போர்' என்பவரிடம் எனக்குப் பேச்சில்லை.

நடுவழியில் பேசினால் அவமானப்படவும் நேரும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாவலின் நூறாவது பக்கத்தில், 'நாயகன் இடத்துக்கு இடம் முரண்பட்டுப் பேசுகிறான், எழுத்தாளர் கவனிக்கவில்லையா?' என்று பெரிய மேதாவி மாதிரி பதிவு போட்டேன். இருநூற்று அறுபதாவது பக்கத்தில்தான் அவன் ஆரம்பத்திலிருந்தே பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. கதையே அதுதான். ஏற்கெனவே படித்தவர்கள் ஒருவர்கூட வாயைத் திறக்காமல், சிரிக்கும் முகத்தை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பதிவை அழிக்கவில்லை. கீழேயே "பக்கம் 260: தோற்றேன்" என்று எழுதினேன். அந்தப் புத்தகத்தை என் சொல் கேட்டு எடுத்தவர்கள் எல்லாம் இந்த வரியைப் பார்த்துத்தான் எடுத்ததாகச் சொன்னார்கள். இன்னொரு சௌகரியமும் உண்டு: பாதியில் இருப்பவனால் முடிவை உளறிக்கொட்ட முடியாது.

சரி, என் பங்குக்கு. மொழிபெயர்ப்பு நாவல், 480 பக்கம், இப்போது 212ல் இருக்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேரின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் அடிக்கடி மாறிவிடுகிறது, பென்சிலால் அட்டைக்குள் எழுதி வைத்திருக்கிறேன். 90 முதல் 130 வரை ஒரு வழக்கு விசாரணை, இழுவை, பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனேன். நேற்று ராத்திரி அந்தத் தம்பி ஒரு கடிதத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டினான். அங்கே நிறுத்திவிட்டு வேலைக்கு வந்திருக்கிறேன், மதியத்திலிருந்து அந்தக் கடிதம்தான் மண்டைக்குள் ஓடுகிறது. பெயர் முதல் கமெண்டில். நீங்கள் எத்தனையில்?