குணசாலியான ஸ்திரீக்கும் வேலைக்காரிகள் இருந்தார்கள்

அன்னையர் தினம் வந்தால் நம் சபைகளில் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிச் சொல்லும் வேதாகமப் பகுதியான நீதிமொழிகள் 31 வாசிக்காமல் இருக்க மாட்டோம். "இருட்டோடே எழுந்திருந்து தன் வீட்டாருக்கு ஆகாரங்கொடுத்து" என்ற வரியை அழுத்திச் சொல்வார்கள். அதே 15ஆம் வசனம் "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்" என்றுதான் முடிகிறது. அடுத்த வசனத்தில் அவளே விசாரித்து ஒரு வயலை வாங்குகிறாள். 22இல் தனக்கென்று இரத்தினக் கம்பளம், மெல்லிய புடவை. இதையெல்லாம் விட்டுவிட்டு, இரவில் அவள் விளக்கு அணையாததை மட்டும் எடுத்து நம் வீட்டுப் பெண்களின் தலையில் கட்டிவிட்டோம். எனக்கு இதில் கோபம் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பார்த்துக்கொள்கிறார். காலையில் உடம்பு துடைத்து, டயாப்பர் மாற்றி, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, இட்லியை மிக்சியில் அடித்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டி முடிக்கும்போது பதினோரு மணி ஆகிவிடும். இவருக்கும் பிரஷர் உண்டு. சாப்பிட்ட பிறகு போட வேண்டிய மாத்திரை. சாப்பாடே தள்ளிப்போவதால் மாத்திரையும் பல நாள் தப்பிவிடுகிறது. வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஜெபக்குறிப்பு கேட்டால், "ஆண்டவர் எனக்குப் பொறுமை தரணும்" என்கிறார். நாங்களும் முழங்கால் போட்டு அதற்காக ஜெபிக்கிறோம். அவரிடம் பொறுமைக்கு என்ன குறை? அவருக்கு வேண்டியது தூக்கம். அந்த மாமியார் பெற்ற மகன்கள் மூன்று பேர் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்.

தீர்க்கதரிசி எலியா சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடவைத்தான். ஓரேப் மலையில் ஆண்டவர் பேசினதெல்லாம் அதற்குப் பிறகுதான். சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்த சீஷர்களை, தனித்துச் சற்று இளைப்பாற வாருங்கள் என்று அழைத்தவரும் இயேசுதானே? (மாற்கு 6:31)

இப்படிச் சொன்னால், "அப்போ பெரியவங்களை யார் பார்க்கிறது?" என்று கேட்பார்கள். கட்டாயம் பார்க்க வேண்டும். காணிக்கையைச் சாக்கு வைத்துப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறார் பவுல். ஆனால் அதே அதிகாரத்தில் நாலு வசனம் மேலே பாருங்கள் (1 தீமோத்தேயு 5:4). பெற்றாருக்குப் பதில்நன்மை செய்யும் கடமை பிள்ளைகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும் என்றே எழுதியிருக்கிறது. நாம் அதை மருமகளுக்கு மாற்றிவிட்டோம்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோவில் அசனம், அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து என்றால் ஆண்கள் ராத்திரி முழுக்க விழித்திருந்து காய் நறுக்கி, அண்டா அண்டாவாகச் சோறு வடித்துச் சாம்பார் வைப்பார்கள். அத்தனை பேருக்குச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு, பெற்ற தாய்க்கு ஒரு வேளை கஞ்சி காய்ச்சி ஊட்டவா தெரியாது?

படுக்கையில் நோயாளி இருக்கிற வீடுகளின் பட்டியல் எடுத்து, வாரம் இரண்டு மத்தியானம் சபையார் முறை வைத்துப் போய் இருக்க வேண்டும், அதில் ஆண்கள் பெயரும் இருக்க வேண்டும் என்று சபைக் கமிட்டிக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன். என் பெயரைப் புதன்கிழமைக்குப் போட்டுக்கொள்கிறேன். நம் சபையில் கூட வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.