ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தத்தை யார் பார்க்கிறார்கள்?

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நான் எதிரி இல்லை. மும்பை செம்பூரில் இருக்கும் என் அண்ணி, இன்சுலின் போட்டும் சர்க்கரை கட்டுப்படாமல், தாராவியில் அவங்க அம்மா வீட்டுப் படி ஏற முடியாமல் தவித்தவர். இரைப்பையைச் சிறிதாக்கி, சாப்பாடு குடலுக்குப் போகும் வழியை மாற்றும் பைபாஸ் ஆபரேஷன் செய்த பிறகு இன்சுலினையே நிறுத்திவிட்டார்கள். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து பின்வாங்க வேண்டாம். என் கோபமெல்லாம், தையல் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நடந்துகொள்ளும் ஆஸ்பத்திரிகள் மேல்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணிக்கு எந்நேரமும் அசதி. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டே இருப்பார். “உடம்பு இளைச்சா அப்படித்தான்” என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஐஸ் தின்னும் ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர் பக்கத்துத் தெரு டாக்டர். பார்த்தால் ஹீமோகுளோபின் வெறும் 7.4, ரொம்பக் குறைவு. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலிருந்து முதல் வருஷத்துக்குப் பிறகு ஒரு போன்கூட வரவில்லை.

நாம் சாப்பிடும் இரும்பு பெரும்பாலும் இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலில்தான் உடம்பில் சேர்கிறது. பைபாஸில் சாப்பாடு அந்த இடத்தைத் தொடாமலே போய்விடுகிறது. இரும்பைக் கரைத்துக் கொடுக்கும் அமிலமும் குறைந்துவிடுகிறது. என் அம்மா வாரம் தவறாமல் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிச் சமைத்தார், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்தார். நல்ல சாப்பாடுதான், ஆனால் இந்த அளவு குறைவை அதை மட்டும் வைத்து ஈடுகட்ட முடியாது. மாத்திரையும் போதாமல் கடைசியில் ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்றினார்கள். இன்னொன்று, இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் அண்ணி சேர்த்தே விழுங்கிவிட்டு உடனே ஒரு கட்டிங் சாய் குடிப்பார். கால்சியமும் டீயும் இரும்பைச் சேரவிடாது. இரண்டு மாத்திரைக்கும் நடுவில் 2 மணி நேரமாவது வேண்டும். இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும், யாரும் சொல்லவில்லை.

வைட்டமின் பி12 குறைவு இன்னும் மோசம், ஏனென்றால் அது தாமதமாக வரும். இந்த வைட்டமின் உடம்பில் சேர இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் தேவை, ஆபரேஷனுக்குப் பிறகு அது சரியாகக் கிடைப்பதில்லை. ஆனால் கல்லீரலில் சில வருஷங்களுக்கான சேமிப்பு இருப்பதால் முதல் வருஷ ரிப்போர்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை நம்பி விட்டுவிட்டால் பாதம் மரத்துப்போகும். அண்ணிக்கு நடக்கும்போது செருப்பு கழன்றதே தெரியாமல் போனது. ரத்தசோகை என்று வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் அந்தச் சேதத்தைச் சரிசெய்ய முடியாமலே போகலாம். பல வருஷம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைந்திருக்கவும் வாய்ப்புண்டு. “எனக்கு இரைப்பையை மட்டும் வெட்டும் ஸ்லீவ் ஆபரேஷன்தானே, குடலைத் தொடவில்லையே” என்பவர்களுக்கும் சொல்கிறேன், அதில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். குறைபாடு உங்களுக்கும் வரலாம்.

அவசரமானது தயமின், அதாவது பி1. அதன் சேமிப்பு சில வாரங்களுக்குத்தான். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி நிற்காமல், பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, பேச்சு குழம்பினால் காத்திருக்கவே கூடாது. போகிற இடத்தில் “எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர்” என்று முதலில் சொல்லுங்கள். தயமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைப் பாதிப்பு அதிகமாகலாம்.

தேசிய குடும்பநல ஆய்வின் (2019–21) கணக்குப்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட பெண்களைத்தான் ஆபரேஷன் டேபிளுக்கு அனுப்புகிறோம். இரும்பும் பி12-உம் முன்னாலேயே பார்த்துச் சரிசெய்யாமல் தேதி குறிப்பது தப்பு.

அண்ணிக்குக் கொடுத்த உணவு அட்டவணை முழுக்க ஆங்கிலம், அதில் டாலியா (கோதுமை ரவை), போஹா (அவல்), பனீர். சமைக்கிற என் அம்மாவுக்குத் திருநெல்வேலிச் சமையல்தான் தெரியும். முட்டை, மீன், சுண்டல், பாசிப்பருப்பு என்று புரதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே வழி கிடைத்திருக்கும். மும்பையில் இத்தனை லட்சம் தமிழர்கள் இருக்கிறோம், இது பெரிய கோரிக்கையா?

ஆபரேஷன் பேக்கேஜ் விலையிலேயே குறைந்தது 5 வருஷத்துக்கான ரத்தப் பரிசோதனைகளைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்ஷூரன்ஸ் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தாலும், பெரும்பாலான பாலிசிகளில் பிறகு வரும் லேப் செலவு நம் தலையில்தான். கையில் காசு குறையும்போது குடும்பம் முதலில் வெட்டுவது அதைத்தான், அதுவும் பெண்களுக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

முதல் வருஷத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை, அப்புறம் ஆயுள் முழுக்க வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் எல்லாம் அதில் வரும். இவையெல்லாம் சரியாக இருந்தும் ரத்தசோகை தேறவில்லை என்றால் தாமிரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் டாக்டர் இல்லை, அண்ணியை இப்போது பார்க்கும் டாக்டரிடம் கேட்டு இந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். தாராவி, சயான், செம்பூர் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன்.