பாட்டை விட்டுவிட்டுப் பொட்டைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு

நேற்று ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் ஒருவர் பாடகி உஷா உதுப் மாதிரி வேடம் போட்டுக்கொண்டு வந்த அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் நான் இங்கே பகிரப்போவதில்லை. எந்த அலைவரிசை, வேடம் போட்டவர் யார் என்றும் எழுதப்போவதில்லை. தேவைக்கு மேலேயே விளம்பரம் கிடைத்துவிட்டது. என் நட்பு வட்டத்தில் இருக்கிற பாதிப் பேர், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மையோடு அதைப் போட்டிருந்தீர்கள். பார்த்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் அது வந்து சேர்ந்தது. இனி முடியாது.

ஓர் ஆண். ஜரிகை மின்னும் பட்டுப்புடவை. நெற்றியை அடைத்துக்கொண்டு அப்பளம் அளவுக்கு ஒரு பொட்டு. முழங்கை வரைக்கும் வளையல். மேடைக்கு வருகிறார், தலையைச் சிலுப்புகிறார், அடித்தொண்டையிலிருந்து ஓர் உறுமல். அவ்வளவுதான். ஒரு நடுவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறார், இன்னொருவர் எழுந்து நின்று கும்பிடுகிறார். 'அண்ணன் என்று கூப்பிடவா, அக்கா என்று கூப்பிடவா' என்று தொகுப்பாளர் கேட்கிறார். அதற்கும் ஒரு சிரிப்பு. பாட்டு எங்கே? ஒரு வரி? அரை வரி? கடைசி வரை வரவில்லை.

என் ஆத்திரமெல்லாம் அந்த ஓர் இடத்தில்தான். உஷா உதுப்பைக் கேலி செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் பாடியதில் ஒரு வரியைப் பாடிவிட்டுக் கேலி செய்யுங்கள் என்கிறேன். பாட முடியவில்லை என்றால், நீங்கள் கேலி செய்வது அவரை அல்ல. ஒரு புடவையையும் பொட்டையும்தான். அதற்குத் துணிக்கடை பொம்மையே போதும்.

இந்த மனுஷி யார் என்று தெரியுமா உங்களுக்கு? பம்பாயில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அப்பா போலீஸ் அதிகாரி. 1969இல் நம் சென்னையில், மவுண்ட் ரோடு சஃபையர் திரையரங்க வளாகத்துக்குள் நைன் ஜெம்ஸ் என்றோர் இரவு விடுதி இருந்தது. (அதே வளாகத்தில் இருந்த புளூ டயமண்ட் திரையரங்கில் படம் பார்த்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த இடம் நினைவுக்கு வரும்.) அங்கே புடவை கட்டிக்கொண்டு போய் நின்று ஆங்கிலப் பாட்டுப் பாடினார். அந்தக் காலத்தில் இரவு விடுதிப் பாடகி என்றால் மினுமினுக்கும் கவுன் போட்டிருக்க வேண்டும், மேல்நாட்டுச் சாயல் இருக்க வேண்டும். இவர் காஞ்சிபுரத்தைச் சுற்றிக்கொண்டு போய் நின்றார். விடுதிக்காரர் விரட்டவில்லை. இன்னும் ஒரு வாரம் இருந்து பாடும்படி கேட்டுக்கொண்டார். அங்கிருந்து பம்பாய், பிறகு கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ் உணவகம். 1971இல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' மூலம் இந்தி சினிமாவுக்கும் போய்விட்டார். புடவை மட்டும் மாறவே இல்லை. அது விளம்பரத்துக்காக யோசித்துப் போட்ட வேடமல்ல. வீட்டில் உடுத்தியதையே மேடையிலும் உடுத்தினார். வேடம் என்று பார்த்தால் அதைப் போட்டது நேற்றைய ஆள்தான்.

17 இந்திய மொழிகளில் பாடியிருக்கிறார். கென்யாவுக்குப் போனபோது சுவாஹிலியில் பாடி அந்த மக்களைக் கவர்ந்தார். பத்மஸ்ரீ 2011இல், பத்மபூஷண் 2024இல். தூர்தர்ஷனிலும் மலையாளத் தொலைக்காட்சியிலும் பாட்டுப் போட்டிகளுக்கு நடுவராக உட்கார்ந்தவர். அப்படிப்பட்டவரைப் பார்த்துச் சிரித்து மதிப்பெண் போட, நம் தொலைக்காட்சியில் நடுவர்கள்! அந்த மேசையில் இருந்தவர்களில் எத்தனை பேரால் ஒரு பாட்டைச் சுருதி விலகாமல் முடிக்க முடியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனம் புண்படுமாம்.

இனி நீங்கள் வருவீர்கள். தெரியும்.

'அவரே நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர், இதைப் பார்த்தால் அவரே சிரிப்பார்.' சிரிக்கலாம். அவர் பெரிய மனசுக்காரர், மேடையில் தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வார். அதனால்? அவர் சிரிப்பது அவருடைய பெருந்தன்மை. அதை நீங்கள் உங்களுக்குக் கிடைத்த உரிமச்சீட்டாக எடுத்துக்கொள்வீர்களா?

'எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும்கூடத்தான் மிமிக்ரி செய்கிறார்கள்.' செய்கிறார்கள். சிவாஜியைச் செய்கிறவர் நாலு பக்க வசனத்தை மனப்பாடம் செய்து, எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லில் கன்னம் துடித்தது என்று பார்த்துவிட்டு வருகிறார். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. சிவாஜிக்கு வசனம், எம்.ஜி.ஆருக்குத் தொப்பியோடு சேர்த்து ஒரு பாட்டு, இந்த அம்மாளுக்கு மட்டும் உறுமலா? ஏன்?

'முறையாகச் சங்கீதம் கற்றவர் இல்லையே.' இதற்கெல்லாம் பதில் கிடையாது.

ஏன் என்று கேட்டேன் அல்லவா, அதற்கு எனக்கு விடை தெரியும். எனக்கும் அந்தக் கனத்த குரல்தான்.

எட்டாம் வகுப்பில் சுதந்திர தினக் குழுப்பாட்டுக்கு ஆள் எடுத்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பாடினோம். நான் முதல் வரியைப் பாடியதுமே டீச்சர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். 'உயரமாக இருக்கிறாய், பின் வரிசையில் நில். ஆனால் சத்தம் வரக்கூடாது, வாயை மட்டும் அசை' என்றார். அப்படியே செய்தேன். கொடியேற்றிய கலெக்டர் முன்னால், மைதானம் முழுக்க இருந்த பெற்றோர் முன்னால், மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினேன். முன் வரிசையில் அம்மா பெருமையோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் 'உன் குரல் தனியாகக் கேட்டது' என்றார். பாவம்.

உஷா உதுப்பையும் பள்ளியில் இசை வகுப்பிலிருந்து வெளியேற்றினார்கள், இந்தக் குரல் பாட்டுக்கு ஒத்துவராது என்று. ஆனால் அவருக்குள் ஏதோ சங்கீதம் இருக்கிறது என்று கண்டுகொண்ட ஆசிரியை தாளம் தட்டுவதற்காவது கையில் ஒரு கருவியைக் கொடுத்தார். எனக்கு அதுவும் இல்லை. அந்தச் சிறுமி 9 வயதில் இலங்கை வானொலியில் பாடிவிட்டாள். நான் அந்த வயதில் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் தண்ணீர்ச் சத்தத்துக்குள் பாடிக்கொண்டிருந்தேன். என்னை அவரோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் எங்கே, நான் எங்கே.

'அஞ்சலி' பட ஒலிநாடா எங்கள் வீட்டுக்கு வந்தது 1990 கடைசியிலோ அதற்கடுத்த வருடமோ. இளையராஜா இசை. 'வேகம் வேகம் போகும் போகும்' என்று ஆரம்பித்ததும் அண்ணன், 'இது ஆம்பளையா பொம்பளையா' என்றான். நான் நாடாவின் உறையைப் பிடுங்கி, பொடி எழுத்தில் இருந்த பெயரைத் தேடிப் படித்தேன். உஷா உதுப். பெண் பெயர். அந்த மகிழ்ச்சியை எழுத எனக்குத் திறமை போதாது. மறுபடி மறுபடி பின்னோட்டிக் கேட்டுக் கேட்டு, அந்த இடத்தில் நாடாவே தேய்ந்துபோனது. அண்ணனுக்கு இன்று வரை அதில் கோபம்.

அதே அண்ணன்தான் இன்று காலை குழுவில் அந்தக் காணொளியைப் போட்டிருக்கிறான். கீழே, 'நம் வீட்டு உஷா உதுப் எங்கே?' என்று என்னைக் குறித்து ஒரு வரி. அதற்குப் பதினைந்து இருபது சிரிப்பு. சித்தப்பாவும் சிரித்திருக்கிறார். சித்தியுமா?

வங்கியிலிருந்து அழைத்தால் 'சொல்லுங்க சார்' என்கிறார்கள். மேடம் என்று திருத்தினால் எதிர்முனையில் ஒரு கணம் அமைதி, பிறகு 'கணக்குக்கு உரியவரிடம் பேச வேண்டும் சார்' என்பார்கள். என் கணக்கைப் பற்றி என்னிடமே பேசமாட்டார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோது, பாடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, 'அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது' என்று அம்மா முந்திக்கொண்டு சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் சுக்குக் கஷாயம் சொல்லிவிட்டுப் போனார்கள். இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க எனக்கும் தெரியும். நான் சொன்னால் அது நகைச்சுவை. நீங்கள் சொன்னால் வேறு.

பெண் குரல் என்றால் மெலிதாக, உச்சத்தில், கெஞ்சுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? கே.பி. சுந்தராம்பாள் கெஞ்சினாரா? முருகனையே அதட்டிக் கூப்பிட்ட குரல் அது. அதற்குக் கைகூப்பி நின்றோம். சாமிப் பாட்டு என்றால் கனத்த குரல் கம்பீரம். காதல் பாட்டு என்றால் அது 'அண்ணனா அக்காவா'. எல்.ஆர். ஈஸ்வரிக்கு என்ன செய்தோம்? அத்தனை பெரிய பாடகியை வருடக்கணக்கில் கிளப் நடனப் பாட்டுகளிலேயே நிறுத்திவைத்தோம். இன்று ஆடி மாதம் பிறந்தால் மட்டும் ஒலிபெருக்கியில் அவர் குரல் வேண்டும்.

கல்கத்தாவிலும் இது நடந்தது. 1980களில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, உஷா உதுப் பாடுவது பண்பாட்டைக் கெடுக்கிறது என்று சொல்ல, அரசு அரங்கம் அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. வழக்குப் போட்டு ஜெயித்தார். விரட்டப் பார்த்த அந்த ஊரை விட்டுப் போகவும் இல்லை. இன்றும் பொட்டின் நடுவில் வங்காள எழுத்தான 'க' வைத்துக்கொள்கிறார், கொல்கத்தாவுக்காக. நேற்றைய அப்பளப் பொட்டில் அந்த எழுத்து இருந்ததா? தேடிப் பார்த்தேன். இல்லை. கேலிக்கே அரைகுறையாக வந்திருக்கிறார்கள். அவர் பட்டுத் துணி ஒட்டிய விளையாட்டுக் காலணியைப் புடவைக்குக் கீழே போட்டுக்கொண்டு மேடை முழுக்க நடப்பார். நிஜமாகவே சிரிக்க வைக்கிற விஷயம் அது. அதுகூட இவர்கள் கண்ணில் படவில்லை.

'ஒரு நகைச்சுவைக்கு இவ்வளவு பெரிய பதிவா' என்று கேட்கிறவர்களுக்கு: ஆமாம். இவ்வளவு பெரிய பதிவுதான். நேரம் இல்லாதவர்கள் மேலேயே நின்றிருக்கலாம்.

குடும்பக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். அண்ணி இரண்டு முறை அழைத்துவிட்டார், எடுக்கவில்லை. அண்ணனிடம் சொல்லுங்கள் அண்ணி, அந்த நாடாவின் உறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தரமாட்டேன். கருத்துப் பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன். உஷா உதுப் பாடியதில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அப்புறம் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.