நட்டை இறுக்கி விட்டுராதீய அண்ணாச்சி

மெட்ராஸ் பக்கத்து சோழவரம் ரேஸ் டிராக்குல ஓடுன பழைய ரேஸ் காருக்கு வீல் பேரிங் மாத்துனதை ரசிச்சு எழுதிருக்கிய, ஆனா பேரிங்கை புடிச்சிருக்க நட்டை நல்லா இறுக்கிரணும்னு ஒரே வரியில முடிச்சிட்டியளே, எனக்கு பக்குனு ஆயிட்டு. டேப்பர் ரோலர் பேரிங்னா, அதான் சரிவா நிக்க கூம்பு உருளை வச்ச பேரிங், அப்படி விடப்பிடாது, வீலை சுத்திக்கிட்டே இறுக்கி ரோலர் ஒழுங்கா உக்காந்த பொறவு நட்டை லூஸ் பண்ணி துளியூண்டு ஆட்டம் இருக்க மாதிரி வச்சு, நட்டு கழலாம பூட்டுத புது ஸ்ப்ளிட் பின் போடணும். நானும் ஒருதடவ இறுக்கிட்டு தென்காசி ரோட்டுல போனேன், ஆலங்குளம் தாண்டையில வீலுக்கு நடுவுல இருக்க ஹப்பு தோசைக்கல்லு கணக்கா கொதிக்கி, கழட்டிப் பாத்தா ரோலர் நீலம் பாரிச்சு கிரீஸ் உருகி பிரேக் டிரம்முக்குள்ள வழிஞ்சு கெடக்கு. ரேஸ் வண்டின்னா பிரேக் சூடும் சேந்துக்கிடும்லா.

பொறவு ஹப்புக்குள்ள இருக்க கப்பையும், அதான் ரோலர் உருளுத வெளி வளையம், சேத்தே மாத்துங்க, பழைய கப்புல புது பேரிங் போட்டா சீக்கிரம் சத்தம் வந்துரும். புது கப்பை உளியால அடிக்காம பித்தளை ராடு வச்சு சுத்தி சுத்தி தட்டுனா கோணாம எறங்கும். கிரீஸை மேலாப்புல தடவுனா பத்தாது, உள்ளங்கையில வச்சு ரோலர் இடுக்குல ஏறுத வரைக்கும் அமுக்கணும், எங்க வண்ணார்பேட்டை மெக்கானிக் அல்வா கிண்டுத மாதிரி அவ்வளவு பொறுமையா செய்வாரு. போட்டோல வண்டி அம்சமா இருக்கு, அந்த செவப்பு பெயிண்டு பழசா புதுசா?